வெந்நீர்க் குவளை

குவளையில் இருந்த தண்ணீர் கலங்கியிருந்தது.

கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் அந்த எவர்சில்வர் குவளையை விடியும் முன்பே வைத்தவள் அவள்தான். கணவர் முகச்சவரம் செய்துகொள்ள வெந்நீர். கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் கை அதை விடவில்லை. எழுந்ததும் கை தானாக அடுப்பைப் பற்றவைக்கும், குவளையை நிரப்பும், கொண்டுபோய் வைத்துவிட்டு வரும். சமையலறைக்குத் திரும்பும்போதுதான் மனசுக்கு உறைக்கும். உறைத்த பிறகும் அவள் போய் அதை எடுத்ததில்லை. வெயில் ஏறியபின், ஆறிப்போன தண்ணீரை ஜன்னலோரத்துச் செடிக்கு ஊற்றிவிடுவாள். மகனுக்கும் இது தெரியும். பார்த்தும் பார்க்காதவன் போலப் போய்விடுவான்.

தினமும் தெளிவாகத் திரும்பி வந்த தண்ணீர். இன்றைக்கு மேலே சோப்பு நுரை ஆடை கட்டியிருந்தது. அடியில் பொடிப்பொடியாக, கறுப்பாக, மயிர்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். பையன் தாடியை எடுத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தாள். அதே நேரம் அறையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான் மகன், முகம் நிறையத் தாடியோடு.

"ஏன்டா, அப்பா ரேசரை எடுத்தியா?"

"நானா? அதைத் தொட்டா மனுஷன் எழுந்து வந்து அடிப்பாரும்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்த வாய் பாதியில் நின்றது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் தாண்டிப் போனான். போகும்போதுதான் பார்த்தாள். இடது காதுக்குக் கீழே, தாடி தொடங்கும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் தோல் தெரிந்தது.

மகனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சுற்றிலும் கண்ணாடி மாட்டிய கடையில் ஒருவன் தன் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. சாயங்காலம் வந்ததும் அவனே சொன்னான்.

"புழுவெட்டாம்மா. முதலாளி சொல்றாரு. அவர் மச்சானுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாம். இப்ப தலையில முட்டை பொரிக்கலாமாம்."

அவளும் சிரித்து வைத்தாள். மருந்து தடவுகிற சாக்கில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. விரலை மூக்கருகில் கொண்டுபோனாள். கணவருடைய சோப்பு வாசனை.

அவர் மரச்சாமான் பட்டறையில் மெருகு போடுகிறவர். உப்புத்தாளால் பலகையைத் தேய்த்து, புறங்கையால் தடவிப் பார்ப்பார். உள்ளங்கை பொய் சொல்லும், புறங்கைதான் உண்மை சொல்லும் என்பார். ஒரு சொரசொரப்பு தட்டுப்பட்டால் போதும், "இன்னும் ஒரு இழுப்பு" என்று மறுபடியும் தேய்ப்பார். ஊரில் எந்த மேஜையும் அவருக்கு முடிந்த மேஜை இல்லை. தன் கன்னத்தையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். பிரஷ்ஷால் நுரை கட்டி, திருகுப்பிடி ரேசரால் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை, புறங்கையால் ஒரு தடவல். பிறகு, இன்னும் ஒரு இழுப்பு.

அப்படிப்பட்டவருக்குத் தாடி வளர்க்கிற மகன் பிறந்தான். தினமும் காலையில் அப்பாவுக்கும் மகனுக்கும் அதுதான் பேச்சு.

"என்னடா இது மூஞ்சியில? தெருவுல போற ஆடு உன்னைப் பாத்து அண்ணேன்னு கூப்பிடப்போகுது."

"கூப்பிட்டா பேசிட்டு வர்றேன்பா."

"நான் செத்தா அன்னிக்காவது மழிப்பியா?"

"நீங்க முதல்ல சாவுங்க. அப்புறம் பாக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு தாங்காது. அந்த வீட்டில் இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் கொஞ்சிக்கொண்ட விதம் அது.

ஒரு நாள் காலை குளியலறையில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. மகன்தான் கதவை உடைத்துக்கொண்டு போய்த் தூக்கினான். வலது கன்னம் மழித்து முடித்திருந்தது. இடது கன்னம் முழுக்க நுரை. பையன் அழுதுகொண்டே அந்த நுரையைத் தன் கையால் வழித்தெடுத்தான். பலகையிலிருந்த குவளையை அவள் தொட்டபோது தண்ணீர் இன்னும் சுட்டது. வந்தவர்கள், போனவர்கள், தூக்கியவர்கள் யாருக்கும் அந்த இடது கன்னம் ஞாபகம் வரவில்லை. அவளுக்கும்தான். எல்லோரும் போனபிறகு, விளக்கை அணைத்துப் படுத்தபோது, அரைச் சவரத்தோடு அனுப்பிவிட்டோமே என்று தோன்றிற்று. அதை யாரிடம் சொல்வது?

மறுநாளும் குவளை கலங்கியிருந்தது. மகன் தாடியில் வெறும் தோல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

அதற்கடுத்த நாள் அவள் வெந்நீரை வைத்துவிட்டுச் சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்றாள். வெளியே வெளிச்சம் வரலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் நேரம். குழாயிலிருந்து ஒரு சொட்டு, அடுத்த சொட்டுக்கு முன் நீண்ட மௌனம், தூரத்தில் ஏதோ வண்டி ஏற்றத்தில் முனகிப் போகிற சத்தம், அதுவும் தேய்ந்தபின் ஒன்றுமில்லை என்று அவள் மூச்சை விட்ட அந்த நொடியில், குளியலறையில் பிரஷ் கிண்ணத்தில் சுழல்கிற சளக் சளக்கென்ற ஓசை தொடங்கிற்று. பிறகு மெல்லிய சர்ரென்ற இழுப்பு. தொட்டியின் விளிம்பில் ரேசரைத் தட்டுகிற டொக், டொக். தொண்டையைச் செருமுகிற சின்ன இருமல்.

அவருடைய இருமல். பயம்தான், உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது அலறல் வந்துவிடும் என்பதற்காக மட்டுமல்ல, சத்தம் கேட்டு அவர் நிறுத்திவிடக் கூடாதே என்பதற்காகவும்தான். அந்த இருமலை இனி எங்கே கேட்கப்போகிறோம் என்று இருந்தவள் அவள்.

சத்தம் அடங்கியதும் கதவைத் தள்ளினாள். யாரும் இல்லை. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. முகம் பார்க்கிற உயரத்தில் மட்டும் யாரோ துடைத்துவிட்ட வட்டம். அவளுடைய உயரம் இல்லை. ஒரு சாண் மேலே.

மகன் தன் படுக்கையில் நல்ல தூக்கத்தில் இருந்தான். இடது கன்னம் ஈரமாக இருந்தது.

"கனவுல அப்பா வர்றாரும்மா" என்றான் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே. "ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரு. மோவாயைப் பிடிச்சு மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்புறாரு. அவ்வளவுதான்."

"பயமா இருக்காடா?"

"இல்லம்மா. கை சூடா இருக்கு." கண் கலங்கிற்று அவனுக்கு. "அன்னிக்குத் தொட்டப்போ சில்லுன்னு இருந்துச்சு."

அதைக் கேட்டபிறகு அவளால் எதையும் நிறுத்த முடியவில்லை. குவளையை வைத்தாள். சமையலறை இருட்டில் நின்றாள். காது நிறையக் கேட்டாள். பாதிக் கன்னம்தானே பாக்கி, முடித்துவிட்டுப் போகட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இடது கன்னம் முடிந்தது. வலது கன்னத்துக்கும் போயிற்று. மகன் கடைக்குப் போனபோது எல்லோரும் புது ஆள் மாதிரி இருக்கிறாய் என்றார்களாம். அவளுக்கோ பழைய ஆள் மாதிரி இருந்தான். கல்யாணத்தன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே முகம்.

அன்று அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னங்க. முடிஞ்சிடுச்சுங்க. பாருங்க, எவ்வளவு அழகா இருக்கான். போதும்ங்க."

குழாய் சொட்டிற்று. மறுநாள் விடியலில் இருமலுக்குப் பிறகு, முதல்தடவையாக, குரலும் கேட்டது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, வேலையில் மூழ்கிய மனிதன் தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி.

"இன்னும் ஒரு இழுப்பு."

மகன் கன்னம் சிவந்து கிடந்தது. அடுத்த நாள் இன்னும் சிவந்தது. வியர்வை பட்டாலே எரிகிறது என்றான். மழிக்க ஒரு மயிர்கூட இல்லாத கன்னம். குவளைத் தண்ணீரில் இப்போது கறுப்பு இல்லை. வெள்ளையாக, மரத்தூள் போல, மெல்லிய ஏதோ மிதந்தது. அது என்னவென்று தெரிந்துகொண்டபோது அவள் குவளையைக் கீழே போட்டுவிட்டாள்.

அழைத்தது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. தினமும் வெந்நீர் வைத்து, வாருங்கள் என்று கூப்பிட்டது இந்தக் கை. கையை நிறுத்தினால் வரவும் நின்றுவிடும்.

மறுநாள் விடியலில் அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் தலையணைக்கடியில் திணித்துக்கொண்டு கிடந்தாள். இனி அந்த இருமலைக் கேட்கவே மாட்டோம் என்று அழுகை வந்தது. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். ஜன்னல் வெளுத்தது.

குளியலறையில் பலகையைத் தட்டுகிற சத்தம். குவளைக்காகத் தடவுகிறாற்போல. ஒருமுறை. மறுபடி.

அமைதி.

பிறகு பிரஷ் சுழன்றது. காய்ந்த கிண்ணத்தில். கரக், கரக்.

பிறகு இழுப்பு. சர்ரென்று இல்லை. பலகையில் உப்புத்தாள் போகிற மாதிரி. குளியலறையிலிருந்தும் இல்லை. மகனுடைய அறையிலிருந்து.

ஓடினாள்.

தூங்கிக்கொண்டிருந்தான். கண் மூடியிருந்தது. மோவாய் மட்டும் உயர்ந்திருந்தது, யாரோ பிடித்துத் தூக்கினாற்போல. காதோரத் தோலில் ஒரு பள்ளம். கட்டைவிரல் பதிகிற பள்ளம். தோல் மேல்நோக்கி இழுபட்டது. அதற்குக் கீழே ஒரு கோடு இறங்கிற்று. வெள்ளையாக. பிறகு சிவப்பாக.

"ஐயோ, விடுங்க! வலிக்குதுங்க அவனுக்கு!"

அவனை உலுக்கினாள். எழவில்லை. பள்ளத்தின்மேல் கையை வைத்தாள். அங்கே இன்னொரு கை இருந்தது. சூடாக. விலகவில்லை. அடுத்த கோடு.

சமையலறை. அடுப்பு. தீக்குச்சி ஒடிந்தது. இன்னொன்று. பற்றிற்று. தண்ணீர் சுடவில்லை. பின்னால் அந்தச் சத்தம். சுடவில்லை. இன்னும் சுடவில்லை. சுட்டது.

ஓடிப்போய்ப் பலகையில் குவளையை வைத்தாள். சத்தம் நின்றது. குவளை தானாகச் சற்று நகர்ந்தது. பிரஷ் நனைந்தது. பிறகு மெதுவாக, மிருதுவாக, ஈரமான இழுப்பு. சர். டொக், டொக்.

மகனை வேறிடத்துக்கு அனுப்பிப் பார்த்தாள். கடை நண்பன் அறையில் ஒரே ஒரு இரவு படுத்துவிட்டு, துணியைக் காதோரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். துணி ஊறியிருந்தது. அங்கே வெந்நீர் வைக்க யார் இருக்கிறார்கள்?

ஆகவே அவள் விடியும் முன்பே எழுந்துவிடுகிறாள். கை சுடாத, கன்னம் சுடாத பதம் பார்த்துக் குவளையை நிரப்புகிறாள். பலகையில் வைக்கிறாள். மகனுடைய மோவாய்க்கடியில் துண்டை விரித்துவிட்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். அவன் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டான். பேசவும் குறைத்துவிட்டான்; வாயை அசைத்தால் கன்னம் வலிக்கிறதாம்.

இன்றைக்கும் இழுப்பு முடிந்தது. ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. மெருகேறிய கன்னம். அத்தனை மெல்லிசு. உள்ளே வரிசையாகப் பற்களின் நிழல், எண்ணெய்த் தாளுக்குப் பின்னால் தெரிகிற மாதிரி.

அந்தக் கன்னத்தை ஒரு புறங்கை தடவிற்று. தோல் அமுங்கி எழுவதை அவள் பார்த்தாள். காதுமுதல் வாயோரம்வரை. நிதானமாக. அவள் தலைக்கு மேலே, பழகிய அந்தச் சின்ன இருமல்.

புறங்கை ஓரிடத்தில் நின்றது.

மகனுடைய மோவாய் மெல்ல உயர்ந்தது.