சுவர்ப் பக்கம் சாய்ந்த ஏழு கன்றுகள்

ஏழு கன்றுகளும் ஜன்னலை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் சாய்ந்து நின்றன. வெளிச்சம் வருகிற திசைக்குத்தான் செடி கழுத்தைத் திருப்பும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். பல் டாக்டர் நேற்றுக் காலையில்தான் நாற்றுத் தட்டைத் திருப்பி வைத்திருந்தார். இன்று மத்தியானம் வந்து பார்த்தால் மறுபடியும் அதே சுவர், அதே சாய்வு. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி படுத்திருந்த அறை. ஒன்றரை மாதமாகப் பூட்டிக் கிடந்தது.

சாதாரணக் கன்றுகளா அவை? மங்குஸ்தானுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. பிறந்த காட்டிலேயே தேடினால்தான் கிடைக்கும். கிளினிக்கை மூடியபிறகு அரிய பழ விதைகளைச் சேர்த்து முளைக்க வைப்பதுதான் டாக்டருக்கு உயிர்மூச்சு. நாலு வருடம் கடிதம் எழுதிக் கெஞ்சி, ஈரப்பாசியில் பொதிந்து கடல் தாண்டி வரவழைத்த விதைகள் பதினொன்று; முளைத்தது ஏழு. காய்ந்தால் செத்துவிடும். குளிர்ந்தாலும் செத்துவிடும். பார்சல் வந்ததோ நல்ல மழைக்குளிரில். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஹீட்டர், அதுவும் நோயாளியின் கட்டிலருகே. இன்னொன்று வாங்கலாமே என்றால், மழை விடட்டும் என்றார் மகானுபாவர்.

"மூணு நாள்தான். விதை வெடிக்கிற நேரம், பொறுத்துக்கோ" என்று அதை உருட்டிக்கொண்டு போனார்.

"கொண்டு போங்க. அதுங்களாவது சூடா இருக்கட்டும்" என்றாள் அவள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. இரண்டாம் நாள் விடிகாலை மாத்திரை கொடுக்கப் போனபோது அவள் விரல்கள் விறைத்திருந்தன. அன்றைக்கே முதல் விதை வெடித்தது. வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு அந்தப் பச்சை நுனியைப் பார்த்து அவர் மனம் துள்ளியது; அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

மூன்றரை மணிக்கு மகள் போன் செய்தாள்.

"ரிப்பேர்னு சொன்னீங்களே, அந்த ஹீட்டரை சரி பண்ணியாச்சாப்பா? அம்மாவுக்குத்தான் குடுத்து வைக்கல, நீங்களாவது போட்டுக்கங்க."

"ஆச்சும்மா. பண்ணிட்டேன்."

வாய் கூசாமல் வந்தது. போனை வைத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாம், இனி நாளைக்குத்தான் வருமாம். எதிர்வீட்டுக்காரர் குடையோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். நாலு மணிக்கே வீடு இருட்டிக்கொண்டு வந்தது. கூரைமேல் விடாத மழை, ஆறிக்கொண்டிருந்த ஹீட்டர் டிக், டிக்கென்று சுருங்கும் சத்தம், ஈரத் தேங்காய் நாரின் புளித்த வாசனை, அதற்கும் அடியில் எங்கிருந்தோ மெல்லிசாக அவள் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடை. மூக்கைத் துடைத்துக்கொண்டார். வாடை போகவில்லை.

கன்றுகளின் இலைகள் துவள ஆரம்பித்தன. வெந்நீர் வைக்கலாமென்றால் அடுப்பும் கரண்ட் அடுப்பு. போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றித் தட்டைச் சுற்றிக் கட்டினார். பல் கிட்டியது. விடியும்வரை இதுகள் தாங்காது, நாலு வருடமும் மண்ணாகிவிடும். அவளைக் கொடுத்து வாங்கியதும் மண்ணாகிவிடும். வாடைக்காற்று படாமல் தட்டைச் சுவரோரம் தள்ளியபோது புறங்கை சுவரில் உரசியது.

வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மேலே ஜில்லென்றிருந்தது. கீழேயும் ஜில்லென்றிருந்தது. கட்டில் உயரத்துக்கு மட்டும், ஆள் நீளத்துக்கு மட்டும், சூடு.

வேறு எவனாக இருந்தாலும் தெருவுக்கு ஓடியிருப்பான். பயம் இவருக்கும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது, கன்றுகள் பிழைத்துக்கொள்ளும் என்ற நினைப்பு. அப்படிப்பட்ட மனுஷன். சாவியைத் தேடி எடுத்தார்.

கதவு திறந்தது. தைலம். இருட்டு. கட்டில்.

அவர் கையாலேயே மடித்து வைத்த போர்வை விரிந்து கிடந்தது. அதற்குள் யாரும் இல்லை. மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம். கையை வைத்தார். கதகதப்பு. காய்ச்சல்காரியின் கதகதப்பு.

கையை எடுத்தார். தட்டை எடுத்து வந்தார். பள்ளத்தின் ஓரத்தில் வைத்தார். பாதிதான் உட்கார்ந்தது, மீதி கட்டிலுக்கு வெளியே ஆடியது. நாற்பது வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கொஞ்சம் தள்ளிப் படு."

கட்டில் முனகியது.

பள்ளம் நகர்ந்தது. மெதுவாக. இடுப்பு வலியோடு புரண்டு படுக்கிற ஒருத்தியின் நிதானத்தில், சுவரோரமாக. தட்டு சமமாக உட்கார்ந்தது. அதற்கு ஒரு முழம் போதும். அவள் விட்டிருந்த இடத்தில் ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம்.

போர்வையின் இந்தப் பக்க ஓரம் உயர்ந்தது. விழாமல் அப்படியே நின்றது, அவருக்காக.