ஒதிலின் சிபாரிசு

வாசுகி மோகாவிலிருந்த அந்தப் பழைய மரவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சனிக்கிழமை நண்பகல். காற்று இன்னும் எழவில்லை. மூங்கில் வேலியில் ஓர் இலைகூட அசையவில்லை. வானம் மட்டும் சீழ் பிடித்தது போல மஞ்சளித்துக் கிடந்தது. புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டதாகவும் இரண்டு மணிக்குமேல் பேருந்து ஓடாது என்றும் ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்ததை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

அவள் கும்பகோணத்துப் பெண். மூன்று வருட ஒப்பந்தத்தில் மொரீஷியஸுக்கு வந்து பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். அங்கே பீனிக்ஸ் என்ற ஊரில் ஸ்வெட்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்த அனியும் அவளும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். தோழிகள் என்று அக்கம்பக்கம் நினைத்தது. அப்படியே நினைக்கட்டும் என்று இருவரும் விட்டிருந்தார்கள். அடுத்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. ஊரில் அண்ணன் மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டுக் கடிதம் போட்டிருந்தார். அதை வாசுகி இன்னும் அனியிடம் சொல்லவில்லை.

பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் நாவல்களாகவே அலமாரி நிறைய வைத்திருக்கும் வீடு ஒன்று மோகாவில் இருப்பதாக அனிதான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். வீட்டுக்காரி பியெரெட்டுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். தொண்டையில் ஏதோ நோய். கிசுகிசுப்பாக மட்டுமே பேச வரும். முதல் தடவை, கடலடியில் ஒரு நகரத்தை ஆளும் இரண்டு அரசிகளின் மாயாஜாலக் கதையைத் தந்தாள். முதலில் இதைப் படிக்கவேண்டும் என்று ஒதில் சொன்னதாகச் சொன்னாள். இரண்டாவது, சரித்திர நாவல். ஆண் வேடத்தில் கப்பலேறிய ஒரு தையல்காரியும் மாலுமி ஒருவனின் விதவையும். அதுவும் ஒதிலின் சிபாரிசு. இரண்டு புத்தகமும் வாசுகியைத் தூங்கவிடவில்லை. முடிவுதான் இரண்டிலும் ஒரே மாதிரி, ஒருத்தி செத்துப்போனாள். உள்ளறையில் ஒதில் என்று படுத்த படுக்கையாக ஒரு கிழவி இருக்கிறாள் போலும், நல்ல ரசனைக்காரி என்று வாசுகி எண்ணிக்கொண்டாள்.

அன்று ஜன்னல்களுக்கெல்லாம் வெளியிலிருந்து பலகை அடித்திருந்தது. உள்ளே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. ஈரக் காகிதமும் பாச்சை உருண்டையும் கலந்த நெடி. மேசைமேல் மூன்றாவது புத்தகம் தயாராக இருந்தது. ஜன்னல் அடைத்த ஒரு மாளிகை, அதன் எஜமானி, அவளைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ். திகில் கதை என்று பியெரெட் சொன்னாள். ஒதிலை நேரில் பார்த்து நன்றி சொல்லவேண்டும் என்றாள் வாசுகி. பியெரெட் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

வாசுகி புத்தகத்தைப் பிரித்தாள். போன வருடம், 1993இல், லண்டனில் அச்சானது. முதல் பக்கத்தின் ஓரத்தில் சாய்ந்த எழுத்தில், பிரெஞ்சில், பென்சிலால் ஒரு குறிப்பு: 'பாதியில் நிறுத்தாதே. ஒதில்.'

நிமிர்ந்தபோது சுவரில் ஒரு படம் கண்ணில் பட்டது. தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். படத்தின் கீழே பெயர்.

ஒதில். 1921 – 1986.

பின்னால் கதவில் சாவி திரும்பியது.

"மன்னிச்சிரு" என்றாள் பியெரெட். "என் குரல் அவளுக்குக் கேக்க மாட்டேங்குது."

பிறகு கிசுகிசுப்பாகவே எல்லாவற்றையும் சொன்னாள். அவளும் ஒதிலும் முப்பது வருடம் அந்த வீட்டில் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஊருக்கு, ஒன்றுவிட்ட சகோதரிகள். கடைசி வருடங்களில் ஒதிலுக்குக் கண் போய்விட, பியெரெட் தினமும் படித்துக் காட்டினாள். எங்கேயாவது ஒரு நாவலில் இரண்டு பேரும் கடைசிவரை உயிரோடு சேர்ந்து இருப்பார்கள் என்று ஒதில் சாதித்துக்கொண்டே இருந்தாள். ஒரு புத்தகத்தின் பாதியில் உயிர் போனது. அடக்கம் முடிந்து வந்த மறுநாள் மேசையில் புதிதாக ஒரு புத்தகம் இருந்தது. பியெரெட் எதையும் தருவித்ததில்லை. எட்டு வருடமாகப் படித்துக் காட்டுகிறாள். இப்போது குரல் போய்விட்டது. வேறு வாய் வேண்டும்.

வாசுகி கதவை உலுக்கினாள். பலகைகளைக் குத்தினாள். வெளியே அதற்குள் காற்று எழுந்து வீட்டைப் பிடித்து ஆட்டத் தொடங்கியிருந்தது. கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை.

எதிரே இருந்த பிரம்பு நாற்காலி முனகியது.

அதில் யாருமில்லை. ஆனாலும் உட்காரும் இடம், கனம் ஏறியதுபோல, மெல்ல உள்வாங்கியது.

"படி" என்றாள் பியெரெட். "நிறுத்தினா கிட்ட வருவா."

வாசுகி படித்தாள். நாக்கு வறண்டது. எத்தனை மணி என்று தெரியவில்லை. பகல்தான், ஆனால் ஒரு கீற்று வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை. கூரைத் தகரம் கிழிபடும் சத்தத்தில் ஒருமுறை நின்றுவிட்டாள். நாற்காலி தரையைச் சுரண்டியது. முன்பு ஆறடி தள்ளி இருந்தது, இப்போது நாலடி.

இருமல் வந்தது.

மூன்றடி.

விளக்கைத் தூண்டக் கை நீட்டினாள். குளிர்ந்த முழங்கால் ஒன்று அவள் முழங்காலில் வந்து பொருந்தியது. காதோரம் ஒரு மூச்சு. மண்வாடை.

"பா அரெத்தே." நிறுத்தாதே.

அது பியெரெட்டின் குரல் அல்ல.

கடைசி அத்தியாயம் வந்தது. வாசுகியின் கண் முந்திக்கொண்டு ஓடிப் பார்த்துவிட்டது. நர்ஸ் தன் ஊருக்குத் திரும்பி ஒரு டாக்டரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். எஜமானி மாளிகைக்குள்ளேயே கிடந்து சாகிறாள். இதைப் படித்து முடித்தால் மேசையில் அடுத்த புத்தகம் இருக்கும். அதற்குப் பிறகு இன்னொன்று. அண்ணனின் கடிதம் ஞாபகம் வந்தது. தகரக் கூரையின் கீழே தனியாக இருக்கும் அனி ஞாபகம் வந்தாள்.

வாசுகி கண்ணை மூடிக்கொண்டாள். வாசிப்பதுபோலவே, குரல் மாறாமல், தானே சொல்லத் தொடங்கினாள். நர்ஸ் படகுத்துறை வரை போனாள். கையிலிருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். திரும்பி வந்து ஜன்னல் பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். இருவரும் ஓர் அறை பிடித்துக் குடியிருந்தார்கள். வயதானது. சண்டை போட்டார்கள். யாரும் சாகவில்லை.

"அவ்வளவுதான்" என்றாள்.

முழங்காலை அழுத்திய குளிர் விலகியது.

நாற்காலி அதற்குப் பிறகு அசையவில்லை. விடிவதற்குள் காற்று தணிந்தது. மறுநாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

அனி. விடியற்காலையில் பீனிக்ஸிலிருந்து கிளம்பி, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்திருந்தாள். முட்டி வரை சேறு. பியெரெட் எந்த மறுப்பும் இல்லாமல் கதவைத் திறந்துவிட்டாள். பிறகு கூடத்துக்கு நடுவில் போய் நின்று சுற்றிலும் பார்த்தாள். பிரம்பு நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒதில்?" என்றாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

"அவ இங்க இல்ல" என்று வாசுகியிடம் சொன்னபோது முகம் குழந்தையுடையதைப் போலக் கோணியது. "என்னைத் தனியா விட்டுட்டாளே."

வாசுகிக்கு அவள்மேல் கோபப்பட முடியவில்லை. ஆறுதல் சொல்லவும் முடியவில்லை. அனியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வழியிலேயே அண்ணனின் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். போகப்போவதில்லை என்றும் சொன்னாள். அனி நடுரோட்டில் நின்று அழுதாள்.

பிற்பகலில் பெருஞ்சாலையில் முதல் பேருந்து வந்தது. மூன்று பேர் உட்காரும் இருக்கை. ஜன்னலோரம் அனி, நடுவில் வாசுகி. அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறி, நிற்கக்கூட இடமில்லாமல் போனது. வாசுகிக்குப் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே இருந்தது.

கூடையும் கையுமாக வந்த ஒரு நடுத்தர வயதுப் பெண் அங்கே உட்காரக் குனிந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"பார்தோன், மதாம்" என்று அந்தக் காலி இடத்தைப் பார்த்துப் பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.