ஆறு மில்லி இடைவெளி

காலையில் எழுந்ததும் சூரியனுக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று பார்ப்பதுதான் எங்கள் வீட்டில் முதல் வேலை. பல் விளக்குவது, காபி போடுவது எல்லாம் அதற்கு அப்புறம். சுவரில் இருக்கும் காய்ச்சல் பலகையில் பச்சை எரிந்தால் என் கணவர் நல்லசிவம், "இன்னிக்கு நமக்கு ஆயுசு இருக்கு கோதை" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காய்ச்சல் என்று நாங்கள் சொல்வது சூரியப் புயலை. பலகை சிவந்து சங்கு ஊதினால், கணினிச் சில்லு வைத்த வண்டிகள் எல்லாம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எதற்கும் விலக்குக் கிடையாது. புயலில் சில்லு குழம்பிவிடும், முன்பு ஓடவிட்டுப் பட்டது போதும் என்று போட்ட சட்டம். ஆனால் இவர் நெஞ்சுக்குள் இருக்கும் இதயச்சில்லு நிற்கக் கூடாதே! புயல் உச்சத்துக்கு வருவதற்குள் கொல்லிமலை மேலே, பாறையைக் குடைந்து கட்டிய ஆஸ்பத்திரிக்குள் அவர் போய்விட வேண்டும். நாங்கள் இருப்பது அடிவாரத்தில். நடுவே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சங்கு ஊதியதிலிருந்து அவகாசம் இரண்டு மணி நேரம். மேலேயே குடிபோனால் என்ன என்று கேட்பீர்கள். எழுதிக் கொடுத்து நான்கு வருடமாகிறது, வரிசையில் எங்களுக்கு முன்னால் இன்னும் அறுநூறு குடும்பம்.

அதனால் நானே ஒரு சில்லிலா வண்டி தயார் செய்தேன். நாமக்கல் லாரிப் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் கை கறுத்தவள் நான். ஒரு பழைய கான்டஸா கார் கிடைத்தது. அதன் எஞ்சின் வெடித்துப் போயிருந்தது. கழற்றி எறிந்துவிட்டு, சில்லு தேவைப்படாத, கார்புரேட்டர் வைத்த ஒரு பெரிய ஜீப் எஞ்சினை இறக்கினேன். எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. சனியன், புகைக்கொத்துதான் உட்காரவில்லை. ஹெடர் என்பார்களே, எஞ்சின் விலாவிலிருந்து புகையை வாங்கிக் கீழே கொண்டுபோகும் நான்கு குழாய், அது. வலப்பக்கம் இறங்கும் இடத்தில் சரியாக ஸ்டியரிங் தண்டு குறுக்கே நின்றது. மூன்று முறை வெட்டி, திருப்பி, வெல்டு வைத்தேன்.

கடைசியில் கொஞ்சம் இடைவெளி வந்தது. குழாய்க்கும் தண்டுக்கும் நடுவே சப்பாத்தி மாவை அப்பி, நசுங்கியதை எடுத்து அளந்தேன். ஆறு மில்லிமீட்டர்.

"ஆறு போதுமா புள்ள?" என்றார் இவர்.

"தாராளமுங்க."

தாராளம் என்று வாய் சொன்னது. வயிறு சொல்லவில்லை. எஞ்சின் கல் மாதிரி நிற்பதில்லை. ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, மிதித்தால் ஒரு பக்கம் சாயும். கடப்பாரையால் நெம்பி ஆட்டிப் பார்த்தேன், இடிக்கவில்லை. ஓட்டிப் பார்க்க முடியாது. எரிபொருள் வண்டிக்குப் புகை உரிமம் சிவப்பு நாளில் மட்டும்தான். நீச்சல் தெரியுமா என்று வெள்ளம் வந்த அன்றைக்குத்தான் பார்க்க முடியும் என்கிற கதை.

ஒரு செவ்வாய்க்கிழமை, நான் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது சங்கு ஊதியது.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கிளம்பியது. அவரைப் பின் சீட்டில் படுக்க வைத்தேன். வழியெல்லாம் பஸ்கள் செத்த மாடு மாதிரி நின்றன. அறுபது வளைவு வரை ஒரு குறையும் இல்லை. அறுபத்திரண்டில் செங்குத்தான ஏற்றம். ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தேன். டக் என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் இறுகிவிட்டது. காலை எடுத்தால் விடுகிறது, மிதித்தால் பிடிக்கிறது. மிதிக்காமல் எப்படி ஏறுவது? வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்தேன்.

"என்ன புள்ள?"

"இடிக்குதுங்க மாமா. மாவுல இடிக்கல. இப்ப இடிக்குது."

குழாய் சூட்டில் நீண்டிருக்கிறது. பாரத்தில் எஞ்சின் வலப்பக்கம் சாய்கிறது. ஆறு மில்லியும் போச்சு. அடி புத்திகெட்டவளே, கையால் ஆட்டிப் பார்த்தது போதும் என்று நினைத்தாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இவரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

பள்ளத்தின் ஓரத்திலிருந்து விலக்கி நிறுத்தலாம் என்று ரிவர்ஸ் போட்டு மிதித்தேன். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி திரும்பியது. இன்னொரு முறை மிதித்தேன். அப்போதும் இடிக்கவில்லை. ரிவர்ஸில் எஞ்சின் எதிர்ப்பக்கம் சாய்கிறது! குழாய் தண்டை விட்டு விலகுகிறது!

அந்த வளைவிலேயே முன்னும் பின்னுமாக உருட்டி, வண்டியின் முகத்தை அடிவாரம் பார்த்துத் திருப்பினேன். அதற்கே அரை மணி போய்விட்டது. பிறகு பின்பக்கமாக மலை ஏறினேன். பின்கண்ணாடியில் அத்தனை வருடத்துப் புழுதி, ஒன்றும் தெரியவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து, துண்டால் துடைத்து, வெளியே பார்த்தார். பஸ்கள் தாமாக ஓட ஆரம்பித்தபோது வேலை போன கண்டக்டர் அவர். பழைய குரல் வந்துவிட்டது.

"வரட்டும்... வரட்டும்... ரைட்ல ஒடி... ஓல்டேன்! ஆங், வரட்டும்."

முன்னால் பார்த்து ஓட்டியபோது அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. இப்போது திரும்பினால், பக்கவாட்டில் அதுதான் முதலில் தெரிந்தது. உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

அறுபத்தெட்டில் குரல் குழறியது. "நானும் சில்லு வண்டிதான புள்ள. நிக்கச் சொல்லீட்டாங்களாட்டம் இருக்குது."

"வாய மூடுங்க! பள்ளம் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க!"

"லெப்ட்ல..." என்றார். சரிந்துவிட்டார்.

கடைசி இரண்டு வளைவையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. பம்பர் மலைப்பக்கச் சுவரைத் தேய்க்கும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் பின்பக்கமாக வந்து நின்ற வண்டியைப் பார்த்துக் காவலாளி கத்தினான். அவரைத் தூக்கிப் பாறைக்குள் கொண்டுபோனார்கள். கதவு மூடியது. நாற்பது நிமிடம் அந்தக் கதவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நர்ஸ் வந்தாள். "அம்மா, கண்ணு முழிச்சுட்டார். யாரையோ வரட்டும் வரட்டும்ங்கறாருங்க."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு மாதமாகிறது. குழாயை வெட்டி வேறு வழியாக இறக்கிவிட்டேன், ரப்பரையும் மாற்றிவிட்டேன். மாவு வைத்து அளந்தால் பதினெட்டு மில்லி. இது போதுமா? அடுத்த சிவப்பில்தான் தெரியும். அவரிடம் சொன்னேன். "அப்பறம் என்ன, தாராளம்" என்றார்.

இன்று காலை பலகை பச்சை. காபியோடு வண்டிக் கொட்டகைக்குப் போனேன். அவர் கான்டஸாவின் பின்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் துடைக்கிறார் போலிருக்கிறது, அப்படிப் பளபளத்தது. என் வேலையில் நம்பிக்கை இல்லையா என்று சுருக்கென்று கோபம் வந்தது. கேட்க வாயெடுத்தேன்.

கேட்கவில்லை. காபியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறி, உள்பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.