தலைக்கு ஏறிய தைலம்

"ஐயோ... யாராச்சும் ஓடி வாங்களேன்..."

கடத்தூர் சந்தை வீதி அந்த அலறலில்தான் விழித்தது.

கண்ணம்மாள் வாசலில் தலைவிரிகோலமாக நின்றாள். உள்ளே, புளி மூட்டைகளுக்கு நடுவே, அவள் புருஷன் சென்னப்பன் மல்லாந்து கிடந்தான். கண்கள் விட்டத்தைப் பார்த்தபடி நிலைத்திருந்தன. வாயோரம் நுரை காய்ந்திருந்தது.

வலது கையில் ஒரு பாட்டில்!

சாதாரணப் பாட்டில் இல்லை அது. கழுத்தில் சிவப்பு ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிப் பாட்டில். குமிழை அழுத்தினால் புஸ்ஸென்று சாரல் அடிக்கும். காலையும் மாலையும் மண்டையில் அடித்துக்கொண்டால் போன முடி திரும்ப வரும் என்று பொம்மிடியில் விற்றார்கள். ஊருக்குள் அதற்குப் 'புஸ்ஸு மருந்து' என்று பெயர்.

சென்னப்பனின் முன்மண்டை சுத்தமாகக் காலி. அதனால் அவன் கையில் அந்தப் பாட்டிலைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை.

சரகத்து சப்-இன்ஸ்பெக்டர் வரதராஜுலு வந்தார். கூடவே ஏட்டு தர்மன்.

வரதராஜுலுவுக்கு அன்று உடம்பு சரியில்லை. தலை விண்விண் என்று தெறித்தது. இளவெயில்தான்... அதற்கே கண்ணைச் சுருக்கிக்கொண்டார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார். அடர்த்தியான கறுகறு கிராப்பு. சீப்பு உள்ளே போனால் திரும்பி வருவது சிரமம்.

"தர்மா, அந்தப் பாட்டிலைக் குடு."

வாங்கி மோந்து பார்த்தார்.

முகம் மாறியது!

அந்த வாசனை அவருக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

பாட்டில் அவருடைய கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"ஏம்மா, உன் புருஷன் குடிப்பானா?"

"உட்டுட்டாருங்க. மதுவிலக்குச் சட்டம் வந்தப்பவே சென்றாயன் கோயில்ல கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணினாரு. இனிமே எந்தப் பாட்டில்லயும் வாய் வெக்க மாட்டேன்னு."

"அப்புறம்?"

"வெக்கலீங்க." சொல்லிவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள் கண்ணம்மாள். "பாவி நான் கொன்னுட்டனே... என் கையாலயே வாங்கியாந்து குடுத்துக் கொன்னுட்டனே, என் சாமி..."

வரதராஜுலுவின் புருவம் உயர்ந்தது.

"தர்மா, எழுதிக்க. கொன்னுட்டேன்னு அவளே சொல்றா."

பக்கத்து வீட்டு ராமக்கா முன்னால் வந்தாள்.

"எழவு வூட்டுல அப்படித்தானுங்க அழுவோம். போன மாசம் எங்க மாமியா செத்தப்ப நானும்தான் கொன்னுட்டேன்னு அழுதேன். அதுக்கு எம்பது வயசுங்க."

"உன்னைக் கேட்டனா?"

"இல்லீங்க."

"அப்ப வாயை மூடு. தர்மா, பொம்பளையை வண்டியில ஏத்து."

ஒப்பாரி வாக்குமூலமாகிவிட்டது!

*

பொம்மிடி ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே மாதுவின் மருந்துக்கடை. சேதி அங்கே வருவதற்கு வெகுநேரம் ஆகவில்லை.

"சென்னப்பன் போயிட்டானாமே..." என்று ஒரு வண்டிக்காரன் சொல்லிவிட்டுப் போனான். "கையில உன் புஸ்ஸு பாட்டிலாம்."

மாது முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

மாது பழைய கம்பவுண்டர். சேலம் ஜில்லாவில் கள்ளும் சாராயமும் நின்றுபோன வருஷம்தான் அவனுக்கு இந்த யோசனை வந்தது. சுத்தமான ஸ்பிரிட், கொஞ்சம் விளக்கெண்ணெய், மணத்துக்குச் சந்தனத் தைலம். கலக்கிக் குமிழ் வைத்தால் முடி வளரும் மருந்து தயார். சத்தியமாகத் தலைக்குத்தான் செய்தான்.

முதலில் வழுக்கைக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் தலை நிறைய முடி வைத்திருப்பவர்களும் வந்தார்கள். ஒருவரே வாரத்துக்கு மூன்று பாட்டில் வாங்கினார்!

மாதுவுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்துகொண்டான். எண்ணெய் போடுவதைக்கூட நிறுத்திவிட்டான்.

சென்னப்பன் முதல்முதலாக வந்த நாள் இப்போது கண்முன் வந்து நின்றது.

"ஏம்பா மாது, இது தலைக்கு ஏறுமா?"

"நல்லா தேச்சா ஏறும்."

"தேய்க்கறது இருக்கட்டும். ஏறுமா?"

மாது இளித்தான். "ஏறும்."

சென்னப்பன் அங்கேயே வாயை ஆவென்று திறந்தான். குமிழை நாக்குக்கு நேராகப் பிடித்து அழுத்தினான். புஸ்... புஸ்... புஸ்...

"பாத்துக்க. பாட்டில்ல வாய் வெக்கல. கோயில்ல கற்பூரம் அணைச்ச சத்தியம் அப்படியே இருக்குது."

அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்து இப்போது மாது கூசினான்.

ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை நல்ல ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது. கடைக்குள் இருந்தது மரத்துக்கு வார்னிஷ் கலக்கும் ஸ்பிரிட் மட்டும்தான். விஷம். கம்பவுண்டருக்குத் தெரியாதா? தெரியும்.

'தலையில அடிக்கறதுதானே, ஒன்னும் ஆவாது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊற்றினான்.

யாரும் தலையில் அடிப்பதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்!

பாட்டிலை வாங்க வந்தது கண்ணம்மாள்.

"வழுக்கைன்னு வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு கல்யாணங்காச்சிக்கு வர மாட்டேங்கறாருங்க. நல்லதா பாத்துக் குடுங்க," என்றாள். அந்தப் பேதைக்கு மட்டும் அது நிஜமாகவே முடி மருந்து.

நல்லதாகப் பார்த்துத்தான் கொடுத்தான், பாவி.

*

உச்சி வேளையில் கடைவாசலில் கார் வந்து நின்றது.

வரதராஜுலு இறங்கினார். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். தடவிப் பார்த்துத்தான் முக்காலியில் உட்கார்ந்தார்.

"தர்மா, கதவைச் சாத்து."

ஏட்டு சாத்தினான்.

"மாது, பயப்படாதே."

போலீஸ்காரர் அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? மாதுவின் சட்டை நனைந்துவிட்டது.

"சென்னப்பன் பொண்டாட்டி ஒத்துக்கிட்டா. அரளி விதையை அரைச்சுக் குடுத்துட்டதா எழுதியாச்சு."

"அரளிங்களா?"

"அவ வூட்டுக் கொல்லையில அரளிச்செடி நிக்குது. போதாதா?"

"எல்லார் வூட்டுக் கொல்லையிலயும் நிக்குதுங்களே..."

"நீ வக்கீலா?" வரதராஜுலு பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைக்கப்போனார். பாட்டில் மேஜை விளிம்பைத் தவறிக் கீழே விழுந்து உடைந்தது. "போவுது, உடைஞ்சதும் நல்லதுதான். இந்தக் கேஸ்ல புஸ்ஸு மருந்தே கிடையாது. கொஞ்ச நாளைக்குக் கடையில விக்காதே. அப்புறம் பழையபடி நடத்திக்க."

"ஐயா எதுக்குங்க எனக்காக..."

"உனக்காக இல்லைய்யா. மருந்துன்னு ஒன்னு கோர்ட்டுக்குப் போனா, யார் யார் வாங்கினாங்கன்னு கேப்பான். புரியுதா?"

புரிந்தது. மதுவிலக்கைக் காக்கவேண்டிய சப்-இன்ஸ்பெக்டரின் கறுகறு கிராப்பைப் பார்த்தாலே புரியும்.

மாது தப்பித்தான்!

கடை தப்பித்தது. கழுத்து தப்பித்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவனுக்கோ வாய் மூடவில்லை.

"அந்தம்மாவை என்ன பண்ணுவாங்க?"

"தூக்கு. ஜட்ஜு மனசு வெச்சா ஆயுசுக்கும் உள்ளே."

"அதுக்கு ஒன்னுமே தெரியாதுங்க."

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? எழுதியாச்சு."

நல்லதா பாத்துக் குடுங்க... அந்தக் குரல் மாதுவின் காதை விட்டுப் போக மாட்டேன் என்றது. அவள் தாலியை அறுத்தது நான். தூக்குக்குப் போவது அவளா?

எழுந்து நின்றான்.

"ஐயா, அந்தம்மா கொல்லலீங்க. நான்தான் கொன்னேன்."

"மடையா, உன்னையத்தான்யா காப்பாத்தறேன்."

"வேணாங்க. இந்தத் தடவை நான் ஊத்தினது வார்னிஷ் ஸ்பிரிட்டு. உள்ளே போனா மொதல்ல தலை வலிக்கும். அப்புறம் கண்ணு போவும். அப்புறம் உசிரு. தெரிஞ்சேதான் ஊத்தினேன்."

வரதராஜுலுவின் கை மெதுவாக நெற்றிக்குப் போனது.

"எந்தத் தடவைய்யா?"

"ஞாயித்துக்கெழமை கலந்ததுங்க. அதுல ரெண்டு பாட்டில்தான் வெளியே போச்சு. ஒன்னு கண்ணம்மா வாங்கிட்டுப் போச்சு."

"இன்னொன்னு?"

மாது ஏட்டைப் பார்த்தான். ஏட்டு தரையைப் பார்த்தான்.

"உங்க வூட்டம்மாவுக்கு முடி கொட்டுதுன்னு... நேத்து ஏட்டய்யா வந்து வாங்கிட்டுப் போனாருங்க."

வரதராஜுலுவின் சம்சாரத்துக்கு முழங்கால் வரை கூந்தல்!

"தர்மா..." வரதராஜுலு கண்ணைக் கசக்கினார். "கதவைத் திற. ஏன் இப்படி இருட்டா வெச்சிருக்கீங்க?"

ஏட்டு திறந்தான். பொம்மிடி வெயில் மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது.

"திறய்யா..."

"தொறந்துட்டேனுங்க."

"திறன்னு சொல்றேன் இல்ல?"

"ஐயா... தொறந்துதானுங்க இருக்குது."

சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காற்றைத் துழாவினார்.

எதிரே ஸ்டேஷனில் ஜோலார்பேட்டை வண்டி ஊதியது. கதவு திறந்திருந்தது. பிடிக்க வேண்டியவருக்குக் கண் தெரியவில்லை. ஏட்டு மரமாக நின்றான். மாது ஓடினால் ஏறிவிடலாம்.

ஒரு எட்டு வைத்தான்.

திரும்பினான்.

நீட்டிய கையைப் பிடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். "ஏட்டய்யா, நின்னது போதும். அந்தப் பக்கம் பிடிங்க. டாக்டர்கிட்ட போவணும். என்ன ஊத்தினேன்னு நானே சொல்றேன்."

*

டாக்டர் உயிரைக் காப்பாற்றினார். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

கண்ணம்மாளை விட்டுவிட்டார்கள். கோர்ட் வராந்தாவில் மாது அவள் காலடியில் போய் விழுந்தான்.

"என்னை நாலு அறை அறைஞ்சுடு, ஆத்தா."

அவள் அறையவில்லை.

"நீ கலந்து குடுத்த. நான் வாங்கியாந்து குடுத்தேன். அவரு வாய்க்குள்ள அடிச்சுக்கிட்டாரு. இதுல நான் யாரைன்னு அறையறது?" என்றாள். "எந்திரி. உன் மூஞ்சியைப் பாக்க எனக்குப் புடிக்கல."

அறைந்திருந்தால்கூட மாதுவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஏழு வருஷம் கடுங்காவல்.

தீர்ப்பை வாசித்து முடித்த ஜட்ஜ், கோர்ட் கலையும்வரை காத்திருந்தார். பிறகு மாதுவைத் தன் அறைக்குக் கூட்டிவரச் சொன்னார். சேவகனை வெளியே அனுப்பினார். தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

உள்ளங்கை மாதிரி வழுக்கை!

"தண்டனை தண்டனைதான். அதுல மாத்தமில்லை," என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அந்த மருந்தைத் தலையில அடிச்சா... நிஜமாவே முடி முளைக்குமா?"

மாது கைகட்டி நின்றான். இனிப் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

"தெரியலீங்க எசமான். இதுவரைக்கும் யாருமே தலையில அடிச்சுப் பாக்கலீங்களே."