உப்புப் படியாத சட்டை

துவைக்கப் போட்ட சட்டையில் உப்பு இல்லை. அதுதான் முதலில் அவள் கண்ணில் பட்டது. பட்டும், ச்சே, இதெல்லாம் ஒரு விஷயமா என்று சட்டையைத் தொட்டியில் முக்கப் போனவள், மனசு கேட்காமல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள்.

அறுவடைக் காலத்தில் அந்த வீட்டு ஆண்களின் சட்டைகளைத் தூரத்திலிருந்தே யாருடையது என்று சொல்லிவிடுவாள். மாமனார் சட்டையில் கழுத்தைச் சுற்றி மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. கணவன் சட்டையில் முதுகு முழுக்க, வற்றிய குளத்தின் கரை மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக உப்பு வளையங்கள். கொழுந்தன் சட்டையைக் கேட்கவே வேண்டாம். ஆணியில் மாட்டினால் விறைத்துக்கொண்டு நிற்கும். நாலு எட்டு நடந்தாலே வேர்வை கொட்டுகிற ஆள் என்பதால் வீட்டில் அவனுக்குப் பெயரே குழாய். குழாயை மூடுடா, தரை நனையுது என்று அண்ணன்காரன் கிண்டல் செய்தால், கிணறு வத்துனா என்னைப் பிழிஞ்சுக்குங்க என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பான்.

அந்தக் குழாயின் சட்டைதான் இப்போது அவள் கையில் பஞ்சு மாதிரி மெத்தென்று கிடந்தது. கொஞ்சம் சோளத் தூசி, அவ்வளவுதான். முகர்ந்து பார்த்தாள். வேர்வை வாடையே இல்லை. மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். அவையும் அப்படியே.

வெயிலோ சாதாரண வெயில் இல்லை. காலையில் பல் விளக்கும்போதே முதுகைச் சுடுகிறது. வீட்டுத் தகரக்கூரை நாள் முழுக்க முறுக்கிக்கொண்டு டங் டங்கென்று கத்துகிறது, கொடியில் போட்ட துணி அடுத்ததைப் பிழிவதற்குள் காய்ந்து விறைக்கிறது, காக்கைகூடக் கரைய மனசில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு வேலியில் உட்கார்ந்திருக்கிறது. அறுவடை இயந்திரம் வைத்திருந்தவர், இந்தச் சூட்டில் வண்டியை இறக்கினால் காட்டோடு சேர்ந்து வண்டியும் எரியும் என்று கையை விரித்துவிட்டார். பக்கத்துச் சோளக்காடு அப்படித்தான் ஒரு பொறியில் போனது. விட்டால் நம்முடையதும் சாம்பல்தான் என்று மாமனார் பயந்தார். அதனால் அவரும் இரண்டு பிள்ளைகளுமாகக் கையால் கதிர் ஒடித்துக்கொண்டிருந்தார்கள்.

முன்பக்க வயல்களில் மக்காச்சோளம் சுண்டிப்போயிருந்தது. கதிரை உரித்தால் கிழவன் பல் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள். பின்பக்கத் துண்டு மட்டும் வேறு கதை. கிணறு வற்றியதும் அவர்கள் முதலில் கைகழுவிவிட்ட நிலம் அது. மாதக்கணக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் பார்க்கவில்லை. தட்டையும் தோகையும் சருகாகிவிட்டன. ஆனால் அந்தச் சருகுக்குள் கதிர்கள் கை கொள்ளாமல் கொழுத்திருந்தன. நகத்தால் கீறினால் ஈரம் கசிந்தது. தண்ணியே இல்லாம இது எப்படிங்க என்று கேட்டதற்கு, கிடைச்சதைக் கொண்டாடாம கேள்வி கேக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன் என்று கணவன் சிரித்தான். அந்தத் துண்டில் கை வைத்த பிறகுதான் சட்டைகள் இப்படி வந்தன. அதை அவள் அப்போது சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒடித்த கதிரையெல்லாம் வீட்டை ஒட்டிய கொட்டகையில் குவித்தார்கள். அங்கே போனால் அப்படியொரு குளிர்ச்சி. பச்சைக் கதிர் புழுங்கும், சூடு கிளம்பும் என்பதுதான் அவள் அறிந்தது. இது மண்பானை மாதிரி சில்லென்று இருந்தது. கூரைச் சூட்டில் கைப்பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்ததால், தொட்டிலைக் கொண்டுபோய்க் குவியலுக்குப் பக்கத்திலேயே கட்டினாள். பிள்ளை உடனே அழுகையை நிறுத்தித் தூங்கியது. எனக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். அவள் உடம்புக்கும் அது ஓய்வாக இருந்தது. பிள்ளை சிணுங்கினால் போதும், அவள் எந்த மூலையில் என்ன வேலையாக இருந்தாலும் கேட்காமலே பால் சுரந்து சட்டை நனைந்துவிடும்.

மதியம் மூவரும் சாப்பிட வந்தார்கள். வந்தார்கள் என்றுதான் பெயர். தட்டின் முன் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். காலையில் அவள் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்க் குடங்கள் விளிம்பு தட்டத் தட்ட அப்படியே திரும்பியிருந்தன. வழக்கமாகக் குடத்தோடு தலையில் கவிழ்த்துக்கொள்கிற குழாய், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வாய் ஓயாத பையன். ஒரு கிண்டல் இல்லை. நெற்றியில் சோளத் தூசி மாவு தடவினது போல் படிந்திருந்தது, அதில் ஒரு துளி வழிந்த தடம்கூட இல்லை.

"என்னங்க, யாருமே தண்ணி குடிக்கலையா?"

"தாகம் எடுக்கல," என்றான் கணவன்.

"சட்டை எல்லாம் காஞ்சு கிடக்கு. வேர்க்கவே இல்லையா உங்களுக்கு?"

"உடம்பு பழகிடுச்சு."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மாமனார் சொன்னார். சொல்லும்போது வழக்கமாகக் கண்ணைச் சிமிட்டுவார். இன்று சிமிட்டவில்லை. அப்போதுதான் கவனித்தாள், மூவரில் யாருமே சிமிட்டவில்லை. எழுந்து, ஒருவர் பின் ஒருவராக, மறுபடி வெயிலுக்குள் போய்விட்டார்கள்.

அவள் உடனே ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் போட்டு, யாருக்கோ கேட்பது போலக் கேட்டாள். அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. வேர்வை நின்றுபோனால் விளையாட்டில்லை, உடம்பு அனலாகக் கொதிக்கும், புத்தி தடுமாறும், ஈரத்துணியைப் போர்த்தி உடனே வண்டியில் ஏற்றிக்கொண்டு வா, தாமதித்தால் ஆள் மிஞ்சாது என்றாள். வண்டிச் சாவி கணவன் பையில் இருந்தது. எப்படியும் காட்டுக்குப் போயாக வேண்டும்.

போகும் முன் பிள்ளையைப் பார்க்கக் கொட்டகைக்குள் நுழைந்தாள். தூங்கிக்கொண்டிருந்தது. தரை ஈரம். குவியலின் அடியிலிருந்து மெல்லிய ஓடையாகத் தண்ணீர் கசிந்து, தொட்டிலுக்குக் கீழே வந்து தேங்கியிருந்தது. குவியலைப் பார்த்தாள். ஒவ்வொரு கதிரின் மேலும் முத்து முத்தாகத் துளிகள், ஓடி வந்து நின்ற ஆளின் முகத்தில் நிற்பது போல. ஒன்றைத் தொட்டு, ஏனென்று தெரியாமல் நாக்கில் வைத்தாள்.

உப்பு.

முகர்ந்தாள். அந்த வாடை அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அவள் கையாலே துவைத்த வாடை. கணவன் முதுகின் வாடை.

ஈரத்துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்கு ஓடினாள். பின்பக்கத் துண்டில் தட்டைகள் அவள் தலைக்கு மேல் ஒரு முழம் நின்றன. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. காற்று துளியும் இல்லை. ஆனால் தோகைகள் சரசரத்தன, அவள் நின்றால் நின்றன, நடந்தால் மறுபடி சரசரத்தன, பக்கத்து வரிசையில் யாரோ கூடவே நடப்பது போல. பேர் சொல்லிக் கூப்பிடவும் பயமாக இருந்தது. கதிர் ஒடிகிற சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. டக். டக். மூன்று பேரும் ஒரே சமயத்தில். டக்.

கணவன் முதுகு தெரிந்தது. பின்னால் போய் ஈரத்துண்டைப் பிடரியில் போர்த்தினாள். கொதிக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கொதிக்கவில்லை. குளிர்ந்து கிடந்தது, கொட்டகைக் குவியல் மாதிரி. அவள் கையை எடுப்பதற்குள் துண்டு காய்ந்து மொடமொடத்தது.

"வீட்டுக்கு வாங்க," என்றாள். குரல் உடைந்தது. "உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். சாவியக் குடுங்க. எல்லாரையும் நான் கூட்டிட்டுப் போறேன்."

அவன் திரும்பினான். சிரித்தான். உதடு விரிந்த இடத்தில் தோல் வெடித்தது.

"கொஞ்சம்தான் பாக்கி. முடிஞ்சிரும்."

அடுத்த வரிசையில் குழாய் கதிர் ஒடித்துக்கொண்டிருந்தான். தோகையின் விளிம்பு அவன் உள்ளங்கையைக் கீறியது. அவள் கண்ணெதிரே கீறியது, ஆழமாக. அவன் பார்க்கக்கூட இல்லை. இரத்தம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. தோல் இரண்டாகப் பிரிந்து சுருண்டது. உள்ளே இன்னொரு தோல். அதற்குள் இன்னொன்று. மெல்லிசாக, வெளிறி, கதிரை உரிக்கும்போது வருகிற அதே மாதிரி.

அலறிவிட்டதாகத்தான் நினைத்தாள். சத்தம் வெளியே வரவில்லை. கணவன் சட்டைப் பையில் கையை விட்டுத் துழாவினாள். அவன் தடுக்கவில்லை, வேலையையும் நிறுத்தவில்லை. சாவி இல்லை. பைக்குள் சோளத் தூசி. துணிக்குக் கீழே அவன் நெஞ்சு இருக்க வேண்டிய இடம் அவள் விரல் பட்டதும் பொருக்கென்று உள்ளே அமுங்கியது.

பிள்ளை.

ஐயோ, பிள்ளையை அங்கேயா விட்டேன்.

ஓடினாள். தோகை முகத்தைக் கீறியது. வரிசை நீண்டுகொண்டே போனது. ஓடினாள். சாவி வேண்டாம், வண்டி வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே ரோட்டுக்குப் போய்விடலாம், யாராவது வருவார்கள், யாராவது. கொட்டகைக் கதவு. குளிர்ச்சி. ஈரத் தரை. வழுக்கியது.

தொட்டிலில் பிள்ளை விழித்துக் கிடந்தது.

வாரி எடுத்தாள். கனமே இல்லை. கீழ்த்துணியைத் தொட்டாள். காலையில் மாற்றிய துணி. காய்ந்திருந்தது. பிடரியில் கை வைத்தாள். பால் குடித்துக் கொழுத்த மடிப்புகளில் எப்போதும் பிசுபிசுக்கிற அந்தப் பிடரி. காய்ந்திருந்தது. "அழுடா கண்ணு," என்றாள். "அழுடா என் தங்கம், ஒரு தடவை அழு." மார்போடு அணைத்து வாயில் வைத்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. பசி இல்லை. தாகம் இல்லை. அவள் சட்டையும் காய்ந்துதான் இருந்தது, காலையிலிருந்தே காய்ந்துதான் இருந்திருக்கிறது, உலகத்துச் சட்டையெல்லாம் பார்த்தவள் தன் சட்டையைப் பார்க்கவில்லை.

அழுகை வந்தது. கண் எரிந்தது. ஒன்றும் வரவில்லை.

பிள்ளை வாயைத் திறந்தது. சரசரவென்றது.

அப்போதுதான் கேட்டது.

குவியலுக்குள்ளிருந்து. அடியிலிருந்து. மூக்கால் ஒரு சிணுங்கல். கொஞ்சம் நின்று, இன்னொன்று. பிறகு தொண்டை நனைந்து, கண்ணீரும் எச்சிலும் கலந்து, வீறிட்டு, பசித்து, அவள் பிள்ளையின் அழுகை. தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரிகிற அழுகை.

கையில் இருந்த அது சிமிட்டாத கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே மூன்று ஜோடிக் கால்கள் வந்து வாசலில் நின்றன. கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, ஈரமாக, குவியலின் நடுவில் ஒரு சின்னக் குழி விட்டன. அழுகை இன்னும் பக்கத்தில் வந்தது.

வேண்டாம், வேண்டாம் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. உடம்பு கேட்கவில்லை. மார்பு இரண்டும் கனத்து, விம்மி, அத்தனை நேரம் காய்ந்து கிடந்த சட்டையின் முன்பக்கம் சூடாக நனைந்தது, வயிற்றில் வழிந்தது, விரல் நுனியிலிருந்து ஈரத் தரையில் சொட்டியது. கையிலிருந்த பிள்ளையைத் தொட்டிலில் மெல்லக் கிடத்திவிட்டு, பொத்தானை அவிழ்த்துக்கொண்டே, அவள் குவியலை நோக்கிக் குனிந்தாள்.