மீரிமின் ஒட்டக நடை

மீரிம் தனியாக நடந்தால் ஒரு குறையும் இல்லை. யாராவது உற்றுப் பார்த்தால் மட்டும் அவள் உடம்புக்கு ஏதோ ஆகிவிடும். வலது காலோடு வலது கையும் சேர்ந்து கிளம்பும். இடது காலோடு இடது கை. பள்ளி அணிவகுப்பில் அவள் ஒருத்தியால் வரிசையே நின்றுபோனது. அன்றிலிருந்து அவளுக்கு 'ஒட்டகம்' என்று பெயர். வைத்தவன் அத்தை மகன் அசாத்.

கோடை வந்ததும் குடும்பம் ஏரிக்கரை மேய்ச்சல் நிலத்துக்கு ஏறியது. கம்பளிக் கூடாரம் போட்டாயிற்று. ஒட்டகம் என்ற பெயரும் கூடவே மலையேறி வந்துவிட்டது.

தம்பி தெமிருக்கு ஒரு வயது. இரண்டு மூன்று எட்டு வைக்கத் தொடங்கியிருந்தான். நாளைக்கு அவனுக்குக் கயிறு வெட்டும் விழா. குழந்தையின் இரண்டு கால்களையும் கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கயிற்றால் கட்டுவார்கள். பிள்ளைகள் தூரத்திலிருந்து ஓடிவருவார்கள். முதலில் வருகிறவர் கயிற்றை வெட்ட வேண்டும். வெட்டியவரின் நடைதான் குழந்தைக்கு வரும் என்பார்கள்.

குளிர்காலம் முழுக்கத் தம்பியைத் தூக்கித் தூக்கி மீரிமின் இடுப்பே காய்த்துவிட்டது. கயிற்றைத் தானே வெட்ட வேண்டும் என்று மாதக்கணக்காக ஆசைப்பட்டிருந்தாள்.

மாவு பிசைந்துகொண்டிருந்த புருல் அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணு, நீ நாளைக்கு ஓட வேணாம்."

"ஏன் அத்தை?"

"தப்பா எடுத்துக்காத. நீ வெட்டினா புள்ளைக்கும் உன் நடைதானே வரும்?"

"வீட்டுல ரெண்டு ஒட்டகம் ஆயிடும்மா" என்றான் அசாத், வாய் நிறைய பலகாரத்தோடு.

மீரிம் வெளியே போய் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும், எல்லாரும் எப்படித்தான் நடக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினாள். ஓடிய ஆட்டுக்கு முன்னங்கால் ஒரு பக்கம், பின்னங்கால் மறுபக்கம், குறுக்காக எழுந்தன. துரத்திய நாயும் அப்படியே. அப்போது அப்பா, சாம்பலன் என்ற குதிரையில் வந்தார்.

சாம்பலன் ஜோர்கோ குதிரை. அதில் ஏறினால் குலுங்காது, தொட்டிலில் ஆடுவதுபோல் இருக்கும். இடுப்பு வலிக்காரியான அத்தை வேறு குதிரையைத் தொடக்கூட மாட்டாள். மீரிம் அதன் கால்களைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு ஒரு பழைய வெள்ளைத் துணியைக் கிழித்து, சாம்பலனின் வலது பக்கத்துக் கால்கள் இரண்டிலும் கட்டினாள்.

"அத்தை, கொஞ்சம் வெளிய வாங்களேன். அப்பா, நீங்க இந்தக் கிண்ணத்தோட ஒரு சுத்து போயிட்டு வாங்க."

அப்பா சிரித்தபடி குமிஸ் நிறைந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். குதிரை வேகமாய்ப் போய்த் திரும்பியது. ஒரு சொட்டு குதிரைப்பால்கூடச் சிந்தவில்லை.

"அதான் சாம்பலன்" என்றாள் அத்தை பெருமையோடு. "என் இடுப்புக்கு இது ஒண்ணுதான் ஆகும்."

"வெள்ளைத் துணியப் பாருங்க அத்தை."

அப்பா இன்னொரு சுற்று கிளம்பினார். அத்தை பார்த்தாள். வெள்ளைத் துணிகள் இரண்டும் ஒன்றாக முன்னே போயின, ஒன்றாகப் பின்னே வந்தன.

"ஒரே பக்கத்துக் காலு ரெண்டும் சேந்து போகுது" என்றாள் மெதுவாக.

"என் நடையும் அதேதான்."

அத்தை மாவு படிந்த கையால் கன்னத்தைத் தடவி, முகமெல்லாம் மாவாக்கிக்கொண்டாள்.

"சரிடி கெட்டிக்காரி. ஓடு."

மறுநாள் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். மீரிமுக்கு அதைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா கையைத் தட்டியதும் அசாத் பாய்ந்தான். மீரிம் வலது காலும் வலது கையுமாகக் கிளம்பினாள். அசாத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பத்தடி போய் மறுபடி திரும்பிச் சிரித்தான்.

தூரத்தில் அம்மாவின் பிடியில் நின்ற தெமிர் அக்காவைக் கண்டு கையைத் தட்டினான். மீரிமுக்குக் கூட்டம் மறந்தது. கையும் காலும் மறந்தன. அசாத் மூன்றாவது முறை திரும்பியபோது அவள் பின்னால் இல்லை, முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

கயிற்றை அவள்தான் வெட்டினாள். அம்மா கையை எடுத்தாள். இனி தெமிர் நடக்க வேண்டும்.

தெமிர் நடக்கவில்லை. ஐம்பது பேரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, பொத்தென்று உட்கார்ந்தான். தூக்கி நிறுத்தினார்கள். மறுபடி உட்கார்ந்தான். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"ஒட்டகம் வெட்டினா இப்பிடித்தான்" என்றான் அசாத்.

மீரிம் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரியும். பள்ளி மைதானத்தில் அவளுடைய முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?" என்றாள்.

"எதுக்குடி?" என்றாள் அத்தை.

"இத்தன பேரு பாத்தா அவனுக்கு எப்பிடி நடை வரும்? எனக்கே வராது."

அப்பாதான் முதலில் திரும்பினார். பிறகு பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள், தொப்பி வைத்த பெரியவர்கள், எல்லாரும் முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்து நின்றார்கள். மீரிம் நாலடி தள்ளி உட்கார்ந்து, கையை நீட்டாமல் சும்மா இருந்தாள்.

தெமிர் புல்லைப் பிடித்து எழுந்தான். காலை அகட்டி வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தபடி ஒரு எட்டு வைத்தான். அப்புறம் ஒன்று. ஏழாவது எட்டில் அக்காவின் மடியில் வந்து விழுந்தான்.

"நடந்துட்டான்" என்றாள் மீரிம்.

"எனக்குத் தெரியும், நல்லாவே ஆடி ஆடி வந்தான்" என்றாள் அத்தை. அவள் மட்டும் திரும்பிக்கொள்ளவே இல்லையாம்.

அன்று சாயங்காலம் வரை வந்தவர்களிடமெல்லாம் அத்தை ஒரே கதையைத்தான் சொன்னாள்: "அசல் ஜோர்கோ நடை! மீரிம்தான் வெட்டணும்னு நான் அப்பவே சொன்னேன்."