மாவுக்கட்டுக்குள் ஒரு கயிறு

பெங்களூர் கண்டோன்மென்ட்டில், வக்கீல்களுக்காகத் துப்பறியும் ஆதிகேசவனின் அறைக்கு 1958-ல் ஒரு காலை ஓஸ்வால்ட் குடும்பத்தோடு வந்தான். ஒக்கலிபுரத்துக்காரன், ரயில்வே ஃபிட்டர். மனைவி ஜூடித்தின் மடியில் மகன் சின்னப்பா. பாவம், பிள்ளையின் வலது கை விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன.

"எலும்பு முறிஞ்சுதுன்னு நர்ஸிங் ஹோம்ல மாவுக்கட்டு போட்டாங்க சார். வலி தாங்காம அழுதுகினே இருந்தான். திரும்பத் தூக்கினு போனா, 'வலி இருக்கத்தான் செய்யும்'னு பாக்காமலே அனுப்பிட்டாங்க. பெரியாஸ்பத்திரில கட்டைப் பிரிச்சா, உள்ள மாதா கோயில் வேண்டுதல் கயிறு. இவ ஊட்ல செருகி இறுக்கிட்டாள்னு நர்ஸிங் ஹோம் டாக்டர் சொல்றாரு. கேஸ் நிக்குமா?" என்று கேட்டான் ஓஸ்வால்ட்.

"கயிறு என்னுது. தப்பும் என்னுது," என்றாள் ஜூடித்.

"அப்போ கேஸே இல்லையே சார்!" என்றாள் உதவியாளர் பாமா. வாய் முந்துவது அவள் கூடப் பிறந்த குணம். ஜூடித்தின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜூடித் பத்திரமாக வைத்திருந்த கட்டின் இரு பாதிகளையும் ஆதிகேசவன் ஜன்னலோரம் பிடித்தார். "பாமா, உள்பக்கம் என்ன தெரியுது?"

"மணிக்கட்டுக்கிட்ட முறுக்கு முறுக்கா ஒரு பள்ளம். கயிறு பதிஞ்ச தடம்."

"காய்ஞ்சு இறுகின மாவுல தடம் பதியுமா?"

பாமாவுக்குப் பொறி தட்டியது. "ஈரமா இருக்கும்போதே கயிறு உள்ள இருந்திருக்கு! நடுவுல பஞ்சுகூட வைக்கலை!"

"டாக்டர் சொன்னது பொய்," என்ற ஆதிகேசவன் குரலைத் தணித்துக்கொண்டார். "நீ ஏம்மா பழியை ஏத்துக்கிட்டே?"

ஜூடித் உடைந்துபோனாள். "அறுக்கத்தான் வந்தாங்க சார். மாதா கயிறு, வேணாம்னு நான்தான் கெஞ்சினேன். சரின்னு அதும்மேலயே கட்டிட்டாங்க."

"பெத்தவள் கெஞ்சத்தான் செய்வாள். கூடாதுன்னு சொல்ல வேண்டியவர் டாக்டர். கை வீங்கும்னு அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அழற பிள்ளையைப் பாக்காம அனுப்பினது அதைவிடப் பெரிய தப்பு."

பிறகு வழிகளைச் சொன்னார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம்; சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம்; மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். பெரியாஸ்பத்திரி டாக்டரைச் சாட்சிக்கு அழைக்கலாம். தாமதித்தால் மட்டும் கேஸ் போடும் கெடு தாண்டிவிடும்.

"கேஸ் போட்டா விரல் மடங்குமா சார்?" என்று கேட்டாள் ஜூடித்.

"அது கோர்ட்டால ஆகாதும்மா."

"அப்போ எதுக்கு சார்?"

ஓஸ்வால்ட் மனைவி பக்கம் திரும்பினான். "எனக்கு வேணும் ஜூடித். உன்னாலதான் புள்ள கை போச்சுன்னு ஒக்கலிபுரம் பூராச் சொன்னவன் நான். இல்லைன்னு கோர்ட்ல, எல்லார் எதிர்லயும் நானே சொல்லணும்."